எல்லாமே ‘ரத்து’ அல்ல, அம்மா

கேள்வி: எனக்கு வயது 66. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் சென்ற ஐப்பசியில் காலமானார். முடித்துவைக்க வேண்டிய விவகாரங்கள் நான்கு இருக்கின்றன. தஞ்சாவூரில் என் கணவர் பெயரில் உள்ள மனையை விற்பதற்காக, அவர் தன் தம்பி மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நிறுத்த வேண்டும். கோரையாற்றுப் பாசனத்தில் என் பெயரில் உள்ள ஆறு மா நன்செயை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டிருந்தோம். கெடு பங்குனியோடு முடிந்தும் குத்தகைதாரர் நிலத்தை விடவில்லை. மன்னார்குடியில் என் மனைக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தவர், ஆறு மாதக் கெடு தாண்டியும் வரவில்லை. குடியிருக்கும் வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் என்னைக் கவனிப்பதில்லை. சென்னையில் இருக்கும் என் தங்கை மருமகன் நான்குக்கும் ஆங்கிலத்தில் கடிதம் தயாரித்து அனுப்பியிருக்கிறார். பவருக்கு ‘கேன்சல்’, குத்தகைக்கு ‘டெர்மினேட்’, ஒப்பந்தத்துக்கு ‘ரெசிண்ட்’, வீட்டுக்கு ‘ரிவோக்’ என்று போட்டிருக்கிறார். அகராதியில் பார்த்தால் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். எங்கள் பத்திர எழுத்தரோ எல்லாவற்றுக்கும் ‘ரத்து’ என்று எழுதினாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, அந்த நான்கு கடிதங்களில் ஒன்றைக்கூட இப்போது தபாலில் சேர்க்க வேண்டாம். அவற்றில் உள்ள சொற்கள் நாளைக்கு உங்களுக்கே எதிராக வந்து நிற்கக்கூடும்.

பத்திர எழுத்தர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தமிழில் ‘ரத்து’ என்று எழுதியதற்காக எந்த நீதிமன்றமும் ஒரு கடிதத்தை ஒதுக்கிவிடாது. தலைப்பைவிட உள்ளே எழுதியிருப்பதற்குத்தான் மதிப்பு. ஆனால் அந்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சட்டப் பிரிவிலிருந்து வந்தவை. முடிக்கும் உரிமை யாருடையது, முடிவு இன்றிலிருந்தா தொடக்கத்திலிருந்தா, கை மாறியதில் எது திரும்பிப் போக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. அகராதியில் இந்த வேறுபாடு தெரியாது. சட்டப் புத்தகத்தில்தான் தெரியும்.

வயலை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். முளைக்காத விதை, நட்டபின் பிடுங்கிப் போட்ட நாற்று, பாதியில் தண்ணீர் நிறுத்தப்பட்ட பயிர், விளைந்து அறுத்த கதிர்: நான்கிலும் கடைசியில் வயல் வெறுமையாகத்தான் கிடக்கும். ஆனால் நடந்தது வேறு வேறு. ‘வாய்டு’ என்றால் முளைக்காத விதை; சட்டத்தின் கண்ணில் அப்படியொரு பத்திரம் பிறக்கவே இல்லை. ‘ரெசிஷன்’ என்பது நாற்றைப் பிடுங்குவது. நடந்ததை நடவாததுபோல் ஆக்கி, இரு தரப்பையும் பழைய இடத்தில் நிறுத்த முயல்வது. ‘டெர்மினேஷன்’ தண்ணீரை நிறுத்துவது. அதுவரை நடந்தது நடந்ததுதான், இனிமேல் இல்லை. ‘எக்ஸ்பயரி’ அறுத்த கதிர். யாரும் முடிக்கவில்லை, காலம் வந்தது, தானே முடிந்தது. ‘ரிவோக்’ என்பதும் ‘கேன்சல்’ என்பதும் யார் கையால் முடிகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் சொற்கள். கொடுத்தவரே தான் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வது ரிவோக். கேன்சலைப் பற்றி வீட்டு விஷயத்தில் சொல்கிறேன்.

முதலில் பவர். நான்கில் இதுதான் அவசரம். உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்த வரி, பவரைக் கொடுத்தவர் உங்கள் கணவர் என்பது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு, ஒரு முகவரின் அதிகாரம் எப்படியெல்லாம் முடிகிறது என்று சொல்கிறது. கொடுத்தவர் திரும்பப் பெற்றால் முடியும். ஏஜெண்ட் தானாக விலகினால் முடியும். ஒப்படைத்த வேலை நிறைவேறினால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தாலோ சித்தம் கலங்கினாலோ முடியும். ஆகவே அந்தப் பவர் உங்கள் கணவர் இறந்த அன்றே முடிந்துவிட்டது. கேன்சல் செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கொடுத்தவர் நீங்கள் அல்ல என்பதால் கேன்சல் செய்யும் உரிமையும் உங்களுக்கு இல்லை.

‘இன்றுமுதல் கேன்சல் செய்கிறேன்’ என்று எழுதினால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். ஐப்பசியிலிருந்து இன்றுவரை பவர் உயிரோடு இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். அந்த இடைவெளியில் மனையை யாருக்காவது கிரயம் செய்து கொடுத்திருந்தால், வாங்கியவர் உங்கள் கடிதத்தையே எடுத்துக் காட்டுவார். இதைவிட முக்கியம் 208-வது பிரிவு. அதிகாரம் முடிந்தது என்பது ஏஜெண்டுக்குத் தெரிந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை முடிவு செல்லும். வெளியாருக்கு, அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும். தம்பி மகனுக்குப் பெரியப்பாவின் மரணம் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மனை வாங்க வரும் தஞ்சாவூர்க்காரருக்கு அது தெரிய வழியில்லை. எனவே உங்கள் வேலை ரத்து செய்வதல்ல, தெரிவிப்பது.

கடிதத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: “என் கணவர் இன்ன தேதியில் காலமானார். இன்ன எண்ணுள்ள பத்திரத்தின் மூலம் அவர் தங்களுக்கு அளித்திருந்த அதிகாரம் அன்றே முடிந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு அதைக் கொண்டு செய்யப்படும் எதுவும் வாரிசுகளான எங்களைக் கட்டுப்படுத்தாது. அசல் பத்திரத்தை ஒப்படைக்கவும்.” நீங்களும் மற்ற வாரிசுகளும் கையெழுத்திட்டு, இறப்புச் சான்றின் நகலை இணைத்து, ஒப்புகை கிடைக்கும்படியான தபாலில் ஏஜெண்டுக்கு அனுப்புங்கள். பவர் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்துக்கும், மனை எந்த அலுவலக எல்லையில் இருக்கிறதோ அதற்கும் நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த வட்டாரத்தில் ஓடும் நாளிதழ் ஒன்றில் பொது அறிவிப்பும் கொடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு மனையின் மேல் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. மனையை விற்று, தனக்கு வரவேண்டிய கடனை அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏஜெண்டுக்கு உரிமை கொடுத்து எழுதிய பவர் என்றால், 202-வது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. அப்படிப்பட்ட பவர், கொடுத்தவரின் மரணத்தாலும் முடியாது. உங்கள் கணவர் தம்பி மகனிடம் கடன் வாங்கியிருந்தாரா, பத்திரத்தில் அதைப் பற்றிய வாசகம் உண்டா என்று பழைய நகலை எடுத்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அதன் பிறகு கடிதம் எழுதுங்கள்.

அடுத்தது குத்தகை. டெல்டாவில் இதைப் போல் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் வேறு இல்லை. உங்கள் குத்தகை பங்குனியில் கெடு தீர்ந்து தானே முடிந்தது, அது எக்ஸ்பயரி. ‘டெர்மினேட் செய்கிறேன்’ என்று இப்போது எழுதினால், பங்குனிக்குப் பிறகும் குத்தகை ஓடிக்கொண்டிருந்ததாகவும், அதை இன்று நீங்கள் நிறுத்துவதாகவும் ஆகும். நடுவில் குத்தகை நெல்லோ பணமோ வாங்கியிருந்தால் அந்த வாதம் இன்னும் பலப்படும். சட்டம் இதற்கெல்லாம் பொதுவாக வழங்கும் சொல் ‘டிடர்மினேஷன்’. சாதாரண ஆங்கிலத்தில் மன உறுதி என்று நீங்கள் பாடம் நடத்திய அதே சொல், 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-வது பிரிவில் குத்தகை முடிவைக் குறிக்கிறது. கெடு தீர்வது, குத்தகைதாரர் தானே ஒப்படைக்கும் ‘சரண்டர்’, நிபந்தனை மீறலால் உரிமை இழக்கும் ‘ஃபார்ஃபீச்சர்’, அறிவிப்புக் கொடுத்து முடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். அதே சட்டத்தின் 117-வது பிரிவு, அரசு தனியாக அறிவித்தாலொழிய, விவசாயக் குத்தகைகளுக்கு அந்த அத்தியாயம் பொருந்தாது என்கிறது. இருந்தாலும் வழக்காடுபவர்கள் எல்லோரும் கையாளும் சொற்கள் இவைதான்.

உங்கள் ஆறு மாவுக்குப் பொருந்துவது 1955-ம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1952-ல், தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்திருந்தது. அறுவடை முடிந்ததும் ‘நாளைமுதல் நிலத்தில் இறங்காதே’ என்று ஒரு வார்த்தையில் குடும்பங்களை வெளியேற்றிய காலத்துக்குப் போட்ட அணை அது. அந்த வரலாற்றை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தைப் படிக்கக் கூடாது. 1955-ம் ஆண்டுச் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரர் யார் என்று விளக்கும்போது, தன் உழைப்பையோ குடும்பத்தாரின் உழைப்பையோ போட்டுப் பிறர் நிலத்தில் பயிர் செய்பவர் என்று சொல்லிவிட்டு, குத்தகை உடன்பாடு முடிந்த பிறகும் நிலத்தைத் தன் வசம் வைத்திருப்பவரையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. அதாவது உடன்பாடு முடியலாம், உரிமை முடியாது. உங்கள் மூன்று வருடக் கெடுவுக்கு நீங்கள் நினைத்த பலம் இல்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. குத்தகை பாக்கி வைத்தால், நிலத்தையோ பயிரையோ கெடுத்தால் அல்லது சாகுபடியை அடியோடு விட்டுவிட்டால், விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்தினால், நிலம் உங்களுடையதே அல்ல என்று வேண்டுமென்றே மறுத்தால், வெளியேற்றக் கோரி வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பாக்கிதான் காரணம் என்றால், பாக்கியைக் கட்ட அவருக்கு நியாயமான அவகாசம் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. இந்த வெளியேற்றம் ‘எவிக்‌ஷன்’. நீங்கள் எழுதும் கடிதத்தால் நடப்பதல்ல, உத்தரவால் நடப்பது. கடிதத்தை நம்பி ஆள் வைத்து வரப்பில் இறங்கினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். அவர் உண்மையிலேயே சொந்த உழைப்பில் பயிர் செய்பவரா, இல்லை வேறு ஆளுக்கு உள்குத்தகை விட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். சட்டத்தின் பாதுகாப்பு உழைப்பவருக்குத்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் 1969-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ள குத்தகை உரிமைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் களம் காலியாகும்போது உட்கார்ந்து பேசுவதே உங்கள் வயதுக்கும் அவர் நிலைமைக்கும் நல்லது. அவரே மனம் ஒப்பி விட்டுக் கொடுத்தால் அது சரண்டர். அதை எழுத்தில் வாங்குங்கள். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால் நீக்கவும் மனுக் கொடுங்கள். அவருக்கு ஒரு நியாயமான தொகை தருவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். உங்கள் மண்ணில் மூன்று வருடம் உழைத்தவர் அவர்.

மன்னார்குடி மனை ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ‘ரெசிண்ட்’ என்ற சொல்லோடு ஒப்பந்தச் சட்டத்தின் 64-வது பிரிவு கூடவே வரும். ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலிருந்தே கலைப்பவர், அதனால் தான் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 75-வது பிரிவு நஷ்ட ஈடு கேட்க இடம் கொடுக்கிறது என்றாலும், எதிர்த் தரப்பு முதலில் கேட்கப்போவது இரண்டு லட்சத்தைத்தான். அதைவிடப் பெரிய சிக்கல், கலைக்கும் உரிமையே உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று அவர் சொல்லலாம் என்பது. மனை, வீடு விற்பனையில், ஒப்பந்தத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தாலொழிய, கெடு நாள் உயிர்நாடியான நிபந்தனை அல்ல என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான நிலைப்பாடு. ஆறு மாதம் தாண்டியது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் உடைந்துவிடாது.

ஆகவே முதல் கடிதம் முடிக்கும் கடிதமாக இருக்கக் கூடாது. “கிரயம் செய்து கொடுக்க நான் தயாராக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் மீதித் தொகையோடு வந்து பதிவு செய்துகொள்ளவும். தவறினால் ஒப்பந்தம் அன்றோடு முடிவுக்கு வரும்” என்று எழுதுங்கள். அந்த 30 நாளும் போன பிறகு முடித்துவிட்டதாக இன்னொரு கடிதம். இதுதான் டெர்மினேஷன்; தங்கை மருமகன் குத்தகைக்கு எழுதிய சொல் உண்மையில் இங்கேதான் வர வேண்டும். இப்படி முறையாக முடித்துவைத்தால், பிறகு அவர் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டாலும், நீங்கள் முடித்தது செல்லாது என்ற பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் கூறியிருக்கிறது. கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை அவருக்கு வழக்குப் போட அவகாசம் இருப்பதால், இந்தக் கடிதங்களின் நகல்களையும் ஒப்புகை அட்டைகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

முன்பணத்தை முழுவதும் வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வாசகம் இருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தம் பதிவானதாக இருந்தால் வில்லங்கச் சான்றில் அது நின்றுகொண்டே இருக்கும். அடுத்து வாங்க வருபவர் அதைப் பார்த்ததும் பின்வாங்குவார். அந்தப் பதிவைத் தீர்க்க இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் ரத்துப் பத்திரம்தான் சுலபமான வழி. உங்களுக்கு உண்மையாக ஏற்பட்ட செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்து, அன்றே அவரைச் சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போட வையுங்கள். பத்திர எழுத்தரின் ‘ரத்து’ என்ற சொல் மிகச் சரியாகப் பொருந்துவது இந்த ஓர் இடத்தில்தான்.

கடைசியாக வீடு. இதை எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. ‘ரிவோக்’ என்ற சொல்லுக்கு இயல்பான இடம் உயில். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதியவர் தெளிந்த புத்தியோடு இருக்கும்வரை எந்த நாளும் அதை மாற்றலாம், திரும்பப் பெறலாம், புதிதாக ஒன்று எழுதலாம். அதை ஒழிக்கும் எண்ணத்தோடு கிழித்தாலோ எரித்தாலோகூட அது செல்லாமல் போகும். செட்டில்மெண்ட் அப்படி அல்ல. நீங்கள் எழுதிக் கொடுத்து, மகன் ஏற்றுக்கொண்டு, பதிவும் ஆன அன்றே வீடு அவருடையதாகிவிட்டது. நினைத்தபோது திரும்பப் பெறலாம் என்று தானத்தில் எழுதினாலும் அந்தத் தானமே செல்லாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதுவதால் வீடு திரும்பாது. செலவும் மனக்கசப்பும்தான் மிஞ்சும்.

பதிவான பத்திரத்தை உண்மையில் கேன்சல் செய்யும் அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. 1963-ம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 31-வது பிரிவில் ‘கேன்சலேஷன்’ என்ற சொல்லின் சட்டப் பொருள் இருக்கிறது: மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கிய பத்திரத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்து, அதை ஒப்படைக்கச் செய்து ரத்து செய்வது. தீர்ப்பாணையின் நகல் பதிவு அலுவலகத்துக்குப் போகும். பதிவுப் புத்தகத்தில் உள்ள உங்கள் பத்திரத்தின் நகல்மேலேயே ரத்தான விவரத்தை அதிகாரி குறிப்பார். இதற்கு உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு அதைவிட நேரான வழி 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். 60 வயது தாண்டியவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் பார்த்துக்கொள்ளத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ வற்புறுத்தியோ வாங்கியதாகக் கருதப்பட்டு, எழுதியவர் விரும்பினால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம் என்கிறது அதன் 23-வது பிரிவு. பாருங்கள், இங்கே வருவது ரிவோக்கும் அல்ல, கேன்சலும் அல்ல, வாய்டு. உங்கள் செட்டில்மெண்டில் ‘ஆயுள்வரை என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்பதுபோல் ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குத் தமிழில் நீங்களே மனு எழுதலாம். வீட்டைத் திரும்பக் கேட்க மனம் வராவிட்டாலும், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டைப் பறிக்காமல் அந்த மனுவை மட்டும் போட்டுப் பார்ப்பது, மகனோடு பேச்சு அறுந்துபோகாமல் இருக்க உதவும் என்பது என் எண்ணம். முடிவு உங்களுடையது.

பவர் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குத்தகை உடன்படிக்கை, பங்குனிக்குப் பிறகு நெல் வாங்கிய கணக்கு ஏதும் இருந்தால் அது, கிரய ஒப்பந்தம், செட்டில்மெண்ட் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக்கொண்டு திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். ஓய்வூதியம் வாங்குகிறீர்கள் என்பது தடையாகாது. முதலில் பவர் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். மற்ற மூன்றும் ஒரு வாரம் பொறுக்கும்.